அப்பாவுக்கு ஐந்து பவுண்டு

'மை ஃபேர் லேடி' படத்தை டி.வி.யில் பாதியாவது பார்த்திருப்பீர்கள். ஆட்ரி ஹெப்பர்ன், பந்தல் சைஸுக்குத் தொப்பி, நிறையப் பாட்டு. 1964-ல் வந்தது. அதற்கு மூலம் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம். லண்டன் தெருவில் பூ விற்கும் எலைஸாவுக்கு ஹிக்கின்ஸ் என்கிற உச்சரிப்பு வாத்தியார் ஆறே மாசத்தில் சீமாட்டி மாதிரி பேசக் கற்றுக்கொடுக்கிறார். பந்தயத்துக்காக.

ரொம்ப நாள் இதை ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் முதல் இன்டர்வியூவில் 'இஸ்கூல்' என்று சொல்லிவிட்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று புன்னகைகளைச் சம்பாதித்தவன் நான். எலைஸா ஜெயித்தபோது நானே ஜெயித்த மாதிரி இருந்தது. பிற்பாடு ஒருமுறை நிதானமாகப் படித்தபோதுதான் முதல் காட்சியிலேயே இடறியது.

மழை. கோவென்ட் கார்டன் மார்க்கெட் பக்கத்தில் சர்ச் வாசலில் கும்பல் ஒதுங்கி நிற்கிறது. எலைஸா ஒரு பெரிய மனுஷரிடம் பூ வாங்கிக்கச் சொல்கிறாள். தூணோரம் ஒருத்தர் அவள் பேசுவதை நோட்டில் குறித்துக்கொள்கிறார் என்று யாரோ சொல்ல, ஐயோ அப்பா என்று ஒரே ஓலம். நான் நல்ல பொண்ணு, பூ வாங்கிக்கத்தான் சொன்னேன், பேரைக் கெடுத்து தெருவில் துரத்திடுவாங்க என்கிறாள். நாடகத்தில் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சும்மா நோட்டில் எழுதினதற்கு இவ்வளவு கூப்பாடா?

சும்மா இல்லை ஸார். அந்தக் கால லண்டனில் தனியாக நிற்கிற ஏழைப் பெண் ஆம்பிளையிடம் பேச்சுக் கொடுத்தால், தொழில் செய்கிறாள் என்று ஒரு கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டு போகலாம். சாட்சி அவர் வாய்ச்சொல்தான். 1887-ல் எலிசபெத் காஸ் என்ற தையல்காரியை ரீஜன்ட் தெருவில் இப்படித்தான் பிடித்தார்கள். வேலை கொடுத்த அம்மாள் வந்து சண்டை போட்டு, விஷயம் பார்லிமெண்ட் வரை போய் நாறியது. கடைசியில் அந்தக் கான்ஸ்டபிள் மேல் பொய் சாட்சி கேஸ் போட்டார்கள். விடுதலை ஆகிவிட்டார். காஸுக்காவது சண்டை போட ஒரு முதலாளியம்மா இருந்தாள். எலைஸாவுக்கு வாரம் நாலு ஷில்லிங் வாடகையில் ஓர் அறை. பேர் போனால் அதுவும் போச்சு.

இரண்டாவது காட்சியில் அப்பா வருகிறார். ஆல்ஃப்ரெட் டூலிட்டில், குப்பை அள்ளுகிறவர். பெண் இரண்டு ஆம்பிளைகள் இருக்கிற வீட்டில் தங்கிவிட்டாள் என்று தெரிந்ததும் பதறி ஓடி வந்திருக்கிறார் என்று நினைப்பீர்கள். இல்லை. பெண்ணை நீங்களே வெச்சுக்குங்க, ஐந்து பவுண்டு கொடுங்க என்று பேரம்!

ஏன் ஐந்து? ஏன் எலைஸா?

1885 ஜூலையில் 'பால் மால் கெஸட்' என்ற லண்டன் பத்திரிகையின் ஆசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட் ஒரு காரியம் செய்தார். ஏழைச் சிறுமிகள் விற்கப்படுகிறார்கள் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். வாங்கியே காட்டுகிறேன் என்று, ஆள் வைத்து 13 வயசுப் பெண் ஒருத்தியை அவள் தாயாரிடமிருந்து வாங்கிக் காட்டினார். பெண்ணின் பெயர் எலைஸா ஆம்ஸ்ட்ராங். விலை ஐந்து பவுண்டு.

ஊர் கொந்தளித்தது. பேப்பரை விற்க மாட்டோம் என்று பெரிய ஏஜெண்ட் கைவிரிக்க, நான் தெருவில் நின்று கூவி விற்கிறேன் என்று முன்வந்தவர்களில் ஒருத்தர் அந்தப் பேப்பரில் புத்தக விமரிசனம் எழுதிக்கொண்டிருந்த ஏழை ஐரிஷ் இளைஞர். ஆமாம், ஷாதான். அடுத்த மாசமே பெண்ணின் சம்மத வயதை 13-லிருந்து 16-ஆக உயர்த்திச் சட்டம் வந்தது. அப்புறம் ஸ்டெட் மீதே கேஸ். ஜெயில் மூன்று மாதம். வேலைக்கு அனுப்புவதாகத்தான் நினைத்தேன் என்று தாயார் சொல்லிவிட்டாள். ஸ்டெட்டுக்கு எதிராக நின்ற பெரிய பாயிண்ட் இன்னொன்று: பெண்ணின் அப்பாவிடம் சம்மதம் வாங்கவில்லை! (ஸ்டெட் 1912-ல் டைட்டானிக் கப்பலோடு போய்விட்டார். நாடகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.)

இப்போது டூலிட்டிலைப் பாருங்கள். சட்டம் கேட்ட அந்த அப்பா, சம்மதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். ஷா இந்தக் கணக்கை நினைத்துத்தான் எழுதினாரா என்பது என் ஊகம். ஆனால் தியேட்டரில் நரைத்த தலைகளுக்கு அந்தப் பெயரும் அந்தத் தொகையும் சுருக்கென்றிருக்காதா?

இதிலும் ஹாஸ்யம் வேறு. ஹிக்கின்ஸ் பத்தாகவே தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்கிறார் அப்பா. பத்து கையில் இருந்தால் சேர்த்து வைக்கத் தோணும், சந்தோஷம் போயிடும். ஐந்து என்றால் ஒரே ராத்திரியில் குடித்துத் தீர்க்கலாம். 'நான் உதவி பெறத் தகுதியில்லாத ஏழைங்க' என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார். இது ஷாவின் கற்பனைத் தமாஷ் அல்ல, கவர்ன்மென்ட் பாஷை. 1908-ல் இங்கிலாந்தில் 70 வயது தாண்டினவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் பென்ஷன் கொண்டுவந்தபோது, வழக்கமாக வேலைக்குப் போகாமல் திரிந்தவர்களுக்குக் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். தகுதியுள்ள ஏழை, தகுதியில்லாத ஏழை. தகுதியில்லாதவனுக்குப் பசிக்காது போலிருக்கிறது.

ஐந்து பவுண்டு எவ்வளவு பெரிசு? ஷா இருந்த ஃபேபியன் சங்கத்துப் பெண்கள் லாம்பெத் பகுதியில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். வாரம் ஒரு பவுண்டு சுமாரில் குடும்பமே ஓடியது. அது புத்தகமாக வந்தது 1913. அதே வருஷம் அக்டோபரில்தான் 'பிக்மேலியன்' முதலில் மேடையேறியது, வியன்னாவில், ஜெர்மன் மொழியில். இங்கிலீஷ் உச்சரிப்பைப் பற்றிய நாடகம் ஜெர்மனில் அரங்கேறியதை யாரிடம் சொல்லிச் சிரிக்க!

லண்டனுக்கு 1914 ஏப்ரல் 11-ல் வந்தது. எலைஸாவாக நடித்த மிஸஸ் பாட்ரிக் காம்ப்பெல்லுக்கு வயது 49. மூன்றாவது காட்சியில் அவர் 'ப்ளடி' என்றதும் சிரிப்பு அடங்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்றாம். நம் ஆபீஸ்களில் மானேஜர்கள் மூச்சு விடுகிற மாதிரி விடுகிற வார்த்தை. அன்றைக்குப் பேப்பர்காரர்கள் கோடு போட்டு மறைத்தார்கள். அந்த வார்த்தைக்குப் பதில் 'பிக்மேலியன்' என்றே திட்டுவது கொஞ்ச காலம் ஃபாஷனாக இருந்தது.

இந்தச் சத்தத்தில் எலைஸாவின் கேள்வி அமுங்கிப் போனது. பந்தயம் ஜெயித்த ராத்திரி அவள் ஹிக்கின்ஸ் மேல் செருப்பை வீசிவிட்டுக் கேட்கிறாள்: இனி நான் என்ன ஆவது? நல்ல இடத்தில் கல்யாணம் பண்ணிக்கொள் என்கிறார். பூ விற்றேன், என்னை விற்கவில்லை. இப்போது சீமாட்டி ஆக்கிவிட்டீர்கள், வேறெதையும் விற்க லாயக்கில்லை என்கிறாள். லண்டனில் இதைக் கேட்கும்போது பெண்களுக்குப் பார்லிமெண்ட் ஓட்டு கிடையாது. முந்தின மாசம்தான் ஓட்டுக் கேட்கிற ஒரு பெண்மணி தேசிய ஓவியக் கூடத்தில் புகுந்து வீனஸ் படத்தைக் கிழித்திருந்தார். செருப்போடு நின்றது எலைஸாவின் பெருந்தன்மை.

ஆனால் ஹிக்கின்ஸாக நடித்த ட்ரீ என்ன பண்ணினார் தெரியுமா? திரை விழும்போது எலைஸாவுக்குப் பூங்கொத்தை வீசிக் காதலாக்கிவிட்டார். வசூல் பிரமாதம். ஷாவுக்குப் பிரமாதமான கோபம். 1916-ல் நாடகத்தைப் புத்தகமாகப் போட்டபோது, பின்னால் ஒரு நீண்ட கதையே எழுதிச் சேர்த்தார். எலைஸா ஹிக்கின்ஸைக் கட்டிக்கொள்ளவில்லை. காசில்லாத ஃபிரெடியைக் கட்டிக்கொண்டு பூக்கடை வைக்கிறாள். சீமாட்டி உச்சரிப்பு இருக்கிறது. கணக்கு எழுதத் தெரியவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக, ஜூனியர் கிளார்க் வேலைக்குப் படிக்கிற பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஷார்ட்ஹேண்டும் டைப்பும் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் கடை ஒருவழியாக நிமிர்ந்தது. பூவால் மட்டும் அல்ல; பக்கத்திலேயே காய்கறியும் வைத்தார்கள்.