"என்ன உம்மா, நோன்பா?"



எனது உம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். ஒரு முறை கிளினிக்கில் எல்லோருக்கும் முன்னால், "இவ்வளவு சீனி கூடியிருக்கு, சொன்னாக் கேக்க மாட்டீங்களா? பிறகு ஏன் இங்க வாறீங்க?" என்று ஏசிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி, யார் என்பது இங்கு தேவையில்லை. அன்றிலிருந்து உம்மா பொய் சொல்லப் பழகினார். கிளினிக் திகதிக்கு மூன்று நாள் முந்திச் சோற்றைக் குறைப்பார். "குளிசை ஒழுங்காப் போடுறன்" என்பார்.

போன நோன்பில் அஸருக்குப் பிறகு வேர்த்து, கை நடுங்கி, குசினியில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். சீனி மிகவும் இறங்கியிருந்தது.

மறுநாள் வார்ட்டுக்கு வந்தவர் ஒரு சிங்கள டொக்டர் பிள்ளை. கதிரையை இழுத்துக் கட்டிலோடு இருந்து, தெரிந்த தமிழில், "என்ன உம்மா, நோன்பா?" என்று கேட்டார். உம்மா அழுதுவிட்டார். "ஓம் மகள். எல்லாக் குளிசையையும் சஹருக்கே ஒண்டாப் போட்டுட்டன். சொன்னா ஏசுவீங்க எண்டு பயம்."

அவர் ஏசவில்லை. நோன்புக்கு முந்தியே வந்து கேட்க வேண்டும், குளிசையின் அளவும் நேரமும் மாறும், சிலருக்கு நோன்பு பிடிப்பதே ஆபத்து என்று விளங்கப்படுத்தினார். வாசிக்கத் தெரியாத உம்மாவுக்காக வார்ட் மிஸ் குளிசைப் பக்கெட்டில் ஒரு சூரியனும் ஒரு பிறையும் கீறிக் கொடுத்தார். இன்றும் அதைப் பார்த்துத்தான் போடுகிறார்.

ஏசும் வகுப்பில் பிள்ளை பிழையை மறைக்கும். பயிற்சிக் கலாசாலையில் நான் படித்த இந்தப் பாடம் வார்ட்டுக்கும் பொருந்தும். இரத்தப் பரிசோதனை சீனியின் அளவைக் காட்டும். அது ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். பயந்தவர் சொல்லமாட்டார். அதனால் அன்பான பேச்சையும் வைத்தியத்தின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரிக்காரரின் கஷ்டமும் எனக்கு விளங்கும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள். இருப்பவர்களின் மேசைக்கு முன்னால் வரிசை நீளம். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூடப் போகவில்லை. உம்மாவின் பயத்தால் ஒரு கட்டில் இரண்டு நாள் போனது.

நம்மிடமும் பிழை உண்டு. பார்க்கப் போனால் பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். சிற்றூழியரிடம் சத்தம் போடுகிறோம். 1951 இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டதால் நாம் காசில்லாமல் மருந்து எடுக்கிறோம். ஒரு நன்றி சொல்லக்கூட நமக்கு வாய் வருவதில்லை. வீட்டில் உம்மாவுக்கு அதிகம் ஏசியது கிளினிக்காரர் அல்ல, நான்தான்.

அடுத்த கிளினிக்குக்கு முந்தி உங்கள் உம்மா வாப்பாவிடம், குளிசையை உண்மையில் எப்படிப் போடுகிறார்கள் என்று ஏசாமல் கேட்டுப் பாருங்கள்.

அந்த டொக்டருக்கும் அந்த மிஸ்ஸுக்கும் அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும்.