கரும்புகை வந்தால் பவர் என்று யார் சொன்னது?

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு மிஷினைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியம் தவறாமல் காதில் விழும். ஒன்று, "புகை கருப்பா வந்தாத்தான் பவர் இருக்குன்னு அர்த்தம்." இன்னொன்று, "எங்க மெக்கானிக் காதாலேயே செட் பண்ணிடுவார். சென்சார் எல்லாம் கார்க்காரனுக்கு." முதலாவது சுத்தப் பொய். இரண்டாவது பாதி உண்மை, அதனால்தான் அது அதிக ஆபத்து.

நான் மெக்கானிக் இல்லை, ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஆனால் படகுக் கடன் கோப்புகள் பல வருஷம் என் மேஜை வழியாகப் போயிருக்கின்றன. தவணை ஏன் கட்டவில்லை என்று கேட்டால் "மிஷின் எரிந்துவிட்டது" என்று ஒரு வரி பதில் வரும். ஏன் எரிந்தது என்று எந்தக் கோப்பிலும் இருக்காது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அந்தக் கேள்விதான் ஓய்வுக்குப் பிறகு என்னைப் புத்தகங்கள் பக்கம் தள்ளியது.

கரும்புகை என்பது எரியாத கரி. 1 கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் டீசல் மிஷினுக்கு அதைவிட நிறையவே காற்று கொடுத்தாக வேண்டும். பம்ப்பில் இருக்கும் ஸ்குருவைத் திருகி டீசலை மட்டும் கூட்டினால் காற்று போதாமல் போகும். சூடு ஏறும், மிச்சம் கரியாக வெளியே போகும். நீங்கள் பவர் என்று ரசிப்பது காசு கொடுத்து வாங்கிய டீசல்.

"லாரிக்கும் இப்படித்தானே செய்கிறோம்" என்பார்கள். லாரி மேடு ஏறும், பிறகு இறங்கும், சிக்னலில் நிற்கும். மிஷினுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். கடலில் இறக்கம் ஏது? முழு வேகத்தில் ஓடும் படகின் மிஷின் மணிக்கணக்கில் முழுப் பாரம் இழுக்கிறது. லாரியில் இரண்டு நிமிஷம் தாங்கும் சூடு, படகில் வால்வையும் பிஸ்டனையும் டர்போவையும் தின்றுவிடும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதைவிடச் சூடான வாயுவுக்கு நடுவே பிஸ்டன் பிழைப்பது எண்ணெயும் தண்ணீரும் சூட்டை இழுத்துக்கொண்டு போவதால்தான். அந்தக் கணக்கு தவறினால் பிஸ்டன் போயிற்று.

இந்தச் சூட்டைக் காதால் கேட்க முடியாது, அளக்கத்தான் வேண்டும். அளக்கும் கருவி புதிதும் அல்ல. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்துச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்று 1821-லேயே ஸீபெக் கண்டுபிடித்தார். 1880-களில் பிரான்சின் லு ஷாத்லியே பிளாட்டினக் கம்பியையும் ரோடியம் கலந்த பிளாட்டினக் கம்பியையும் இணைத்து, உலைச் சூட்டை நம்பகமாக அளக்க வழி செய்தார். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் அவர் பெயரை இரசாயனச் சமநிலை விதிக்காக மட்டும் மனப்பாடம் செய்தோம். இன்று மலிவான கலப்பு உலோகக் கம்பியிலேயே அந்த சென்சார் கிடைக்கிறது. படகு ஒரு தடவை கடலுக்குப் போய்வரும் டீசல் செலவுக்குள் அடங்கிவிடும்.

பெரிய கப்பல்களில் ஒவ்வொரு சிலிண்டரின் புகைச் சூட்டையும் தனித்தனியே பார்க்கிறார்கள். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகினால் அந்த நாசிலையோ வால்வையோ உடனே சோதிக்கிறார்கள். கப்பல்காரன் படித்தவன், அவனுக்கு இது வேண்டும். மீனவனுக்குக் காது போதும் என்பது என்ன நியாயம்? மிஷின் நடுக்கடலில் நின்றால் உயிர் இருவருக்கும் ஒன்றுதானே?

மறு பக்கத்தாரையும் விடுவதற்கில்லை. சென்சாரை விற்றுவிட்டு, "இதைப் போட்டால் எல்லாம் தானே சரியாகும்" என்கிறவர்களைச் சொல்கிறேன். எங்கே பொருத்துவது என்று சொல்லாமல் விற்பது மோசடிக்குச் சமம். புகைக் குழாயில் கடல் தண்ணீர் கலக்கும் இடத்துக்குப் பின்னால் வைத்தால் அது தண்ணீர்ச் சூட்டைத்தான் காட்டும். டர்போவைச் சுழற்றிவிட்டு வரும் வாயு சூடு குறைந்துதான் வரும். ஆகவே டர்போவுக்கு முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் வெறும் எண்ணைச் சொல்வதில் பொருளில்லை. பெட்ரோல் வேகப் படகுகளில் வைக்கும் ஆக்சிஜன் சென்சார் இன்னும் மென்மையானது. சூடான அதன் பீங்கானில் தண்ணீர் தெறித்தால் விரிசல் விடும். பெட்ரோல் மிஷினில் எரிபொருள் அளவுக்கு மீறினால் புகைச் சூடு இறங்கும், டீசலில் ஏறும். இந்த வித்தியாசம் தெரியாதவர் கையில் மீட்டர் இருந்தும் பயனில்லை.

சூடு அதிகம் என்று மீட்டர் காட்டினால் முதலில் பம்ப்பைத் தொடாதீர்கள். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கிறதா? புரொப்பல்லர் மிஷினுக்குப் பெரிதா? கம்பெனி சொன்ன முழு ஆர்.பி.எம். வருகிறதா? வராத மிஷினுக்கு மேலும் டீசல் ஊட்டுவது, மூச்சு வாங்கும் மாட்டைச் சாட்டையால் அடிப்பது போலத்தான்.

பக்கத்துத் தமிழ்நாட்டில் விசைப்படகு மிஷினுக்கு 240 குதிரைத்திறன் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் ஆய்வாளர் தகட்டில் உள்ள எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போனால், ஸ்குருவைத் திருகியவரை எப்படிப் பிடிப்பார்? ஆயுள் முழுக்கக் காகிதத்தோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், காகிதத்தில் இருக்கும் குதிரைகள் கடலில் இருப்பதில்லை.

பிரெஞ்சில் இந்தப் புகையை எஷாப்மான் என்பார்கள்; தப்பித்துப் போவது என்று பொருள். நாம் கழிவுப் புகை என்கிறோம். கழிவு என்று நினைப்பதால்தான் அதைக் கவனிப்பதில்லை. உள்ளே என்ன நடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அதனால் படகுக் கடன் கொடுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மிஷினோடு சூடு மீட்டரும் இருந்தால்தான் கடன் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். மெக்கானிக் தம்பிகளே, உங்கள் காது நல்ல காதுதான். பக்கத்தில் ஒரு மீட்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். படகு முதலாளிகளே, அடுத்த முறை கரும்புகை வந்தால் பெருமைப்படாதீர்கள். மிஷினை நிறுத்திக் காரணம் கேளுங்கள்.