தொழிற்பயிற்சி மட்டும் போதும் என்பவர் யார்?

பேத்தமங்களாவில் பாலாற்றின் நீரைத் தேக்கிக் குழாய்வழியே கோலார் தங்கவயலுக்குக் கொண்டு சென்றது சுரங்க முதலாளிகளின் காலம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்து சேர்ந்தது. பொன் எடுப்பதற்கு வேண்டியவை யாவும் வந்தன. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, பூமிக்குள் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறை உடைத்த தலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி மட்டும் அந்த வேகத்தில் வரவில்லை.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வதே இளைஞரின் வாழ்க்கையாயிற்று. தங்கவயலின் எதிர்காலம் பற்றிய பேச்செழும்போதெல்லாம் தொழிற்பேட்டை, திறன் பயிற்சி என்ற இரண்டு சொற்களே காதில் விழுகின்றன. வரலாறு, தத்துவம், பொருளாதாரம், இலக்கியம் என்ற சொற்களை எவரும் உச்சரிப்பதில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு அவை எதற்கு என்ற கேள்வி அந்த மௌனத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

இக்கேள்வி புதிதன்று. அமெரிக்காவின் கறுப்பின மக்கள் நூறாண்டுகளுக்கு முன்பே இதனோடு மல்லுக்கட்டினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளை அறுந்த கையோடு 1866இல் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் கல்விக்கூடம் தோன்றியது. 1867இல் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் மோர்ஹவுஸ் கல்லூரியின் முன்னோடிப் பள்ளி தொடங்கிற்று. எழுத்தறிவு பெறுவதே குற்றமென்று சட்டம் இருந்த மண்ணில், விடுதலை பெற்ற மக்கள் இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் பயின்றார்கள். வெள்ளை முதலாளிகளுக்கு இது உவப்பாக இருக்குமா?

அவர்களுக்கு உவந்தது வேறொரு பாதை. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் தஸ்கேகியில் தொழிற்கல்வி நிலையத்தை நிறுவினார். செங்கல் சுட்டுத் தம் கட்டிடங்களைத் தாமே எழுப்பிய அம்மாணவர்களின் உழைப்பை இகழ எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், அரசியல் உரிமை கேளாமல் கைத்தொழில் கற்றால் போதும் என்ற அறிவுரையே செல்வந்தர்களின் பணப்பையைத் திறந்தது. ஃபிஸ்க்கில் பயின்ற டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ் 1903இல் இதை நேருக்கு நேர் எதிர்த்தார். ஓர் இனத்துக்குத் தச்சர்களும் கொல்லர்களும் வேண்டும். ஆனால் தன் நிலையைத் தானே ஆராய்ந்து சொல்லும் மனிதர்களும் வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். அந்த டுபாய்ஸ்தான் 1961இல், தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில், அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

மோர்ஹவுஸின் குணத்தை உருவாக்கியவர் பெஞ்சமின் மேஸ். அடிமைகளாகப் பிறந்த பெற்றோரின் மகன். 1940 முதல் 1967 வரை அதன் தலைவராக இருந்தார். மார்ட்டின் லூதர் கிங் அங்கு 1944இல் பதினைந்து வயதில் சேர்ந்து 1948இல் பட்டம் பெற்றார். மேஸ் தலைவராவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1937இல், மைசூர் மாநாடொன்றுக்கு வந்திருந்தார். தங்கவயல் அடங்கிய அதே மைசூர் சமஸ்தானம். அங்கே தீண்டப்படாதோர் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றில், அவரையும் ஒரு தீண்டப்படாதவர் என்றே தலைமையாசிரியர் மாணவர்க்கு அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்ட மேஸ், தம் நாட்டில் தம் நிலை அதுதானே என்று பின்னர் உணர்ந்ததாகத் தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

நம் நாட்டில் இதற்கு நிகரான முயற்சி அம்பேத்கருடையது. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950இல் ஔரங்காபாத்தில் பின்னாளில் மிலிந்த் எனப் பெயர் பெற்ற கல்லூரி. அந்த 1946இல்தான் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தங்கவயலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஆறு பேர் உயிரிழந்ததும் அதே ஆண்டு. மராத்தி தலித் இலக்கியத்தின் விளைநிலங்களுள் மிலிந்த் முக்கியமானது. தொழிற்பயிற்சி நிலையம் மட்டும் கட்டியிருந்தால் அந்த எழுத்து பிறந்திராது.

இக்கல்லூரிகளில் குறையே இல்லையா? உண்டு. திறமைமிக்க பத்தில் ஒருவர் மேலெழுந்து மற்றவரைத் தூக்கிவிடுவர் என்ற கோட்பாடு, எளிதில் ஒரு கறுப்பு நடுத்தர வர்க்கத்தின் தன்னலத்துக்குப் போர்வையாயிற்று. 1948இல் டுபாய்ஸே அதைத் திருத்திக்கொண்டார். 1969இல் மோர்ஹவுஸ் மாணவர்கள், நிர்வாகக் குழுவில் கறுப்பர் பெரும்பான்மை வேண்டுமென்று அறங்காவலர்களைக் கட்டிடத்துக்குள் பூட்டிவைத்தார்கள். உள்ளே இருந்தோரில் கிங்கின் தந்தையும் ஒருவர்! தமக்கு அறிவளித்த நிறுவனத்தையே கேள்வி கேட்கும் துணிவை அந்நிறுவனம் அளித்திருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1954இல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தைத் தமிழகம் விரட்டியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலேயே தொழிற்கல்வியைக் கொண்டுவருகிறது. எந்தப் பிள்ளைகள் அந்த வழியில் திருப்பப்படுவர், எவர் திருப்பப்படமாட்டார் என்பதைச் சாதியும் வர்க்கமும் முடிவு செய்யும். தொழிலைக் கற்பது இழிவு என்பதல்ல இங்கு வாதம். தொழிலை மட்டுமே கற்பி என்று ஆண்டைகள் எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கே சொல்கிறார்கள்.

தங்கவயலுக்கு அறிவு மரபு அந்நியமுமன்று. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. அவரது ‘தமிழன்’ இதழ், நின்றுபோன பின்னர் 1926இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. அவர் நூல்களை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் இவ்வூரதே. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் இரவில் இதழ் படித்து வாதிட்டார்கள். கல்லூரி அவர்களுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவே.

சுரங்க நிலங்களை என்ன செய்வதென்று ஒன்றிய அரசும் மாநில அரசும் பேசும்போது, கலைக்கல்லூரிக்கு எத்தனை ஏக்கர், தமிழிலும் கன்னடத்திலும் முதுகலை உண்டா, விடுதி உண்டா, பேத்தமங்களா போன்ற சுற்றூர்ப் பெண் பிள்ளைகள் வந்துபோகப் பேருந்து உண்டா என்று கேட்கும் கடமை தொழிற்சங்கங்களுக்கும் மாணவர் அமைப்புக்கும் இருக்கிறது. தொழிற்பேட்டைக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதலாம்.