அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு

விருதுநகர் மாவட்டத்தில் ஊட்டச்சத்துக் குறைபாடு என்று ஒன்றும் கிடையாது, தொண்டு நிறுவனங்கள் நிதி வாங்கக் கட்டிவிட்ட கதை அது என்று தொடங்குகிறார் நான் இங்கே பதில் சொல்லும் கட்டுரையாளர். நாலு பத்தி தாண்டியதும், பிள்ளைக்குச் சத்தாக ஆக்கிப்போடத் தெரியாத தாய்மார்களால்தான் குறைபாடு வருகிறது என்கிறார். முடிக்கும்போது, பட்டாசுத் தொழிலில் கைவைத்தால் லட்சக்கணக்கான குடும்பங்கள் பட்டினியில் விழும் என்று கண்ணீர் வடிக்கிறார். இல்லாத நோய்க்குக் குற்றவாளி எப்படி அகப்பட்டாள்? வளமாக இருப்பதாக அவரே சான்றிதழ் கொடுத்த குடும்பம், ஆலை நாலு நாள் மூடினால் பட்டினி கிடக்குமளவுக்கு ஒட்டி உலர்ந்திருப்பது எப்படி? முதல் பத்தியை எழுதியவரும் கடைசிப் பத்தியை எழுதியவரும் ஒருவரையொருவர் சந்தித்ததேயில்லை போலிருக்கிறது.

அவருடைய பிரம்மாஸ்திரம் அரிசி. 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, ஆகவே சத்துக்குறைவுக்கு வழியே இல்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம்; சோற்றையே சாட்சிக்கு நிறுத்திப் பூசணிக்காய் இல்லையென்று சாதிப்பவரை இப்போதுதான் பார்க்கிறோம். வயிறு நிறைவது வேறு, ரத்தம் ஊறுவது வேறு என்று பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம், 2015-16-இல் அது 50.7 ஆக இருந்தது. இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவில் விலையில்லா அரிசித் திட்டம் நிற்கவில்லை, குழந்தைகளின் ரத்தசோகையோ ஏறியிருக்கிறது. தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து சொற்பம், அதன்மேல் டீயை ஊற்றினால் இருக்கிற சொற்பமும் உடம்பில் சரியாக ஒட்டாது. அரசே இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் ஏற்றிய செறிவூட்டப்பட்ட அரிசியைக் கலந்து கொடுக்கத் தொடங்கியது. கொடுக்கிறவனே குறையை ஒப்புக்கொண்ட பிறகு, இவர் யாருக்காக வக்காலத்து வாங்குகிறார்?

அடுத்து, அந்த ‘அறியாத தாய்’. டீயில் நனைத்த பன்னையும் கடையில் தொங்கும் பொட்டலத்தையும் கொடுத்துப் பிள்ளையை வளர்க்கிறாளாம். கொடுக்கிறார்கள்தான். யார், எந்த நேரத்தில் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் அவர் வசதியாக விழுங்கிவிட்டார். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆலை வேன் வந்து நிற்கும் காலை வேளையில் அவர் போய் நிற்கட்டும். தூக்குவாளியில் புளிச்சோறு, மூடியில் ஒரு துண்டு ஊறுகாய். ஏறுகிறவள் ஒரு வயதுப் பிள்ளையைக் கிழவியின் இடுப்புக்கு மாற்றிவிட்டு ஏறுகிறாள். பால்வாடி திறக்க இன்னும் நேரமிருக்கிறது. ஆலைக்குள் பகலில் போய்ப் பார்த்தால், குழாய் உருட்டுவதோ சரம் பின்னுவதோ எதுவானாலும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் எண்ணிக்கை குறையும், மறைவிடத்துக்குப் போனாலும் குறையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை சிலருக்குக் குமட்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அதற்கும் கூலி கிடையாது, ஆகவே மாத்திரை அட்டை வீட்டு மாடத்திலேயே தங்கிவிடுகிறது. இதற்குப் பெயர் அறியாமையா?

ஒரு வயதுக் குழந்தையின் வயிறு சின்னது. தாய்ப்பால் போக, நாளைக்கு மூன்று நான்கு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, பருப்பும் முட்டையும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, பொறுமையாக ஊட்ட வேண்டும். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவும் பையைத் திறந்தவுடன் தானாகக் கஞ்சியாகிவிடாது. அடுப்பும் ஆளும் நேரமும் வேண்டும். அந்த நேரத்தைத்தான் வேன் ஏற்றிக்கொண்டு போகிறது. கண் மங்கிய கிழவியோ, ஏழு வயது அக்காளோ வேறு எதைக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கிறார்? தாயிடமிருந்து பகலை வாங்கிக்கொண்டு, சமையல் குறிப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

காமராஜர் பிறந்த மண்ணில் பட்டினியா என்று வேறு நெஞ்சில் அடித்துக்கொள்கிறார். பிள்ளைகள் பசியால் பள்ளிக்கூடம் வராததைப் பார்த்துத்தானே காமராஜர் 1956-இல் மதிய உணவு போட்டார்? எம்.ஜி.ஆர். 1982-இல் அதை விரிவாக்கியதும், 2022-இல் காலைச் சிற்றுண்டி வந்ததும் எல்லோரும் வயிறார உண்டு களித்த மகிழ்ச்சியிலா? இவற்றில் பெரும்பகுதி பள்ளி வயதுப் பிள்ளைக்கானது. உயரம் குன்றுவதோ பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது. இதுவும் புதுச் சங்கதியில்லை. 1980-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்துப் பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்குத் தனியாக உணவு கொடுத்தது. அது நடந்த மாவட்டங்களில் பழைய ராமநாதபுரமும் ஒன்று, அதாவது 1985-இல் பிரிவதற்கு முந்தைய இதே விருதுநகரும் சிவகாசியும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் தராசு சொன்னதை இன்றைக்கு இவர் வதந்தி என்கிறார்.

நம் ஆட்கள் பிறவியிலேயே குட்டை, வெள்ளைக்காரன் அளவுகோலால் அளக்காதே என்கிற வாதம் இருக்கிறதே, அதைப் பொருளாதார மேதைகளே சொல்லிப் பார்த்தாயிற்று. 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் வெள்ளைக்காரப் பிள்ளைகளை மட்டும் அளந்து போட்டவையல்ல. பிரேசில், கானா, ஓமான், நார்வே, அமெரிக்காவோடு இந்தியாவிலும் அளந்தார்கள். தெற்கு டெல்லியில் வசதியாக வளர்ந்த பிள்ளைகள் மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு ஈடாகவே வளர்ந்தார்கள். தமிழ்நாட்டில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் 2005-06-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 25. பதினைந்து வருஷத்தில் மரபணு மாறிவிட்டதா? ‘குட்டி ஜப்பான்’ என்று சிவகாசியைக் கொண்டாடுகிறவர், பெரிய ஜப்பானையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். 1954-இல் பள்ளி உணவுக்குச் சட்டமே போட்ட அந்த நாட்டில், போருக்குப் பிந்தைய தலைமுறைகள் அப்பன் பாட்டனைவிட உயரமாக வளர்ந்தன.

தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள், எங்கே சத்துக்குறைவு என்பது அவருடைய இன்னொரு கேள்வி. மாவுச்சத்தால் உடம்பு பருத்து, இரும்புச்சத்து இல்லாமல் ரத்தம் வெளுப்பது ஒரே வீட்டில் நடக்கும், ஒரே உடம்பிலும் நடக்கும். இதற்கு மேல் விளக்கினால் வாசகரை அவமதித்ததாகிவிடும்.

இத்தனை சப்பைக்கட்டும் எதற்கு? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பட்டாசில் சேர்க்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டபோது, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அப்போது ஏழையின் அடுப்பு நினைவுக்கு வந்தது. நீதிமன்றத்தில் நிற்கும்போது தொழிலாளி பட்டினிக்காரி. கூலி, காப்பகம் என்று பேச்செடுத்தால் அவளே வளமாக உண்டு வாழ்கிறவள். அதே 2018-இல் நிதி ஆயோக் இந்த மாவட்டத்தை முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. மதிப்பீட்டில் சுகாதாரமும் ஊட்டச்சத்தும் மட்டும் முப்பது சதவீதம். அதையும் டெல்லியின் சதி என்று ஒதுக்கிவிடுகிறார்.

முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், 1976-இல் திருத்தப்பட்ட பிறகு, 48-ஆம் பிரிவில் சொன்னது. பிள்ளைகளுக்கு இலவசப் பால் கொடுக்கவும், தாய் இடையிடையே வந்து பாலூட்டவும் விதி செய்யலாம் என்றும் அந்தப் பிரிவே சொன்னது. வெடிமருந்துக்குப் பக்கத்திலா தொட்டில் கட்டச் சொல்கிறாய் என்று அவர் பாய்வார். வேண்டாம், ஊருக்குள் கட்டட்டும், வேன் கிளம்புவதற்கு முன்னால் திறக்கட்டும். தாய்மார்களுக்கு அடுத்த உபதேசத்தை எழுத உட்காரும் முன், அவருக்குப் பழக்கமான ஆலைகளில் எத்தனை காப்பகம் நடக்கிறது என்று எண்ணிச் சொல்லட்டும். எண்ணுவதற்கு இரண்டு கை விரல்களும் தேவைப்பட்டால், இந்த விவாதத்திலிருந்து நான் விலகிக்கொள்கிறேன்.