மூன்றாவதாக வந்த பாட்டு

நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி மேடையேறிப் பாடுகிறாள். பக்கத்தில் கணவர், கூடவே இன்னொரு ஜோடி. ஊர் உலகமெல்லாம் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பாட்டு முடிகிறது. நடுவர்கள் மார்க் போடுகிறார்கள். மூன்றாவது இடம்!

கதையல்ல, சகோதரிகளே! ஸ்வீடன் நாட்டில் 1973-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி நடந்த விஷயம். பாடியவர் பெயர் அக்னேதா. அதற்குப் பதின்மூன்றாம் நாள் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாடிய பாட்டு 'ரிங் ரிங்'. டெலிபோன் மணி அடிக்காதா என்று காத்திருக்கும் ஒரு பெண்ணின் தவிப்புத்தான் விஷயம். அந்தத் தவிப்பு நம்மில் யாருக்குத் தெரியாது?

பிரசவ நேரத்தில் இத்தனை சிரமம் எதற்கு என்கிறீர்களா? யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு ஸ்வீடனின் பாட்டைத் தேர்ந்தெடுக்கத்தான். 1956-ல் ஸ்விட்ஜர்லாந்தில் லுகானோ நகரில் ஏழே நாடுகளுடன் ஆரம்பித்த போட்டி அது. முதல் வருஷம் நாட்டுக்கு இரண்டு பாட்டு. பிறகு நாட்டுக்கு ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றை யார் தேர்ந்தெடுப்பது? அங்கேதான் தகராறு! கூறைப் புடவை எடுக்கப் போகும்போது, சரிகையின் தரம் தெரிந்த பெரியவர் சொல்வதைக் கேட்பதா, கட்டிக்கொள்ளப் போகிற பெண் கை வைத்ததை எடுப்பதா என்று கடையிலேயே விவாதம் நடக்குமே, அதே மாதிரிதான்.

1973-ல் ஸ்வீடன், நிபுணர்கள் கையில் பொறுப்பைக் கொடுத்திருந்தது. அவர்கள் வேறொரு பாட்டை அனுப்பினார்கள். லக்ஸம்பர்க்கில் பதினேழு நாடுகளுக்கு நடுவே அது ஐந்தாவதாக வந்தது. மோசமென்று சொல்ல முடியாது. ஆனால் 'ரிங் ரிங்' இசைத்தட்டோ கடைகளில் பறந்தது. நிபுணர்கள் ஒதுக்கியதை ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

மறு வருஷம் முறை மாறியது. நிபுணர் குழு போய், நாட்டின் பல பகுதிகளிலும் நடுவர் குழுக்கள் வந்தன. அதே நால்வரும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை பெயர் 'அப்பா'. பயப்படாதீர்கள், நம் வீட்டு அப்பா இல்லை! நால்வர் பெயர்களின் முதலெழுத்துக்கள்.

அவர்களிடம் இரண்டு பாட்டுகள் இருந்தன. ஒன்று மென்மையானது, அதில் அக்னேதாதான் பிரதானம். மற்றது 'வாட்டர்லூ', அதில் இரண்டு பெண்களும் சேர்ந்து பாட வேண்டும். ஒருத்தியை முன்னே நிறுத்தி இன்னொருத்தியைப் பின்னே தள்ள வேண்டாமென்று இரண்டாவதையே எடுத்தார்கள்.

1974 ஏப்ரல் 6. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரம். 'வாட்டர்லூ' 24 வோட்டு வாங்கி முதலிடம் பெற்றது. இதில் ஒரு வேடிக்கை: போட்டி நடந்த இங்கிலாந்தின் நடுவர்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட அதற்கு வோட்டுப் போடவில்லை. பூஜ்யம்! அடுத்த மாதமே அந்த இங்கிலாந்தில் இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் எந்தப் பாட்டுக்குத் தெரியுமா? அதே 'வாட்டர்லூ'வுக்குத்தான்.

ஆக, நிபுணர்கள் மட்டும்தான் தவறுவார்கள் என்றில்லை. எந்தப் பத்துப் பேரை ஓர் அறையில் உட்கார வைத்தாலும் ஒரு நல்ல பாட்டு அவர்கள் காதில் விழாமல் போகலாம். பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது நிபுணருக்குத் தெரியும். மறுநாள் காலையில் பாத்திரம் தேய்க்கும்போது வாயில் தானாக வருமா என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பேரையும் கேட்டால் என்ன?

ஸ்வீடன் அந்த வழிக்குத்தான் வந்தது. 2011 முதல் இறுதிச் சுற்றில் பாதி மார்க் வெளிநாட்டு நடுவர்களுக்கு, பாதி உள்நாட்டு நேயர்களுக்கு என்று வைத்தார்கள். 2019-ல் இன்னும் அழகான ஓர் ஏற்பாடு செய்தார்கள். செல்போன் மூலம் வோட்டுப் போடுகிறவர்களை வயதுப்படி ஏழு கூட்டமாகப் பிரித்தார்கள். மூன்றிலிருந்து ஒன்பது வயதுக் குழந்தைகள் ஒரு கூட்டம். எழுபத்தைந்தைத் தாண்டிய தாத்தா பாட்டிகள் ஒரு கூட்டம். இரண்டுக்கும் சம மதிப்பு! இளவட்டங்கள் எத்தனை லட்சம் பேர் பொத்தானை அமுக்கினாலும் பாட்டியின் குரல் அமுங்கிப் போகாது. 2025 வரை ஸ்வீடன் ஏழு முறை முதலிடம் பெற்றிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இருந்தாலும் எனக்கு நினைவில் நிற்பது அந்த 1973-ம் வருஷத்து ராத்திரிதான். வயிற்றில் பிள்ளையோடு பாடிவிட்டு, "மூன்றாவது" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாளே, அந்தப் பெண்! அடுத்த வருஷம் கைக்குழந்தைக்காரியாக மறுபடி வந்து நின்றாளே! நடுவர்கள் சொன்னதே முடிவு என்று அவள் நினைத்திருந்தால்?

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுப் பாட்டியையும் பேத்தியையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள்: "நம் வீட்டின் சார்பில் ஒரே ஒரு பாட்டு அனுப்புவதானால் எதை அனுப்பலாம்?" இரண்டு பேரும் ஒரே பாட்டைச் சொன்னால், அந்த வீடு கொடுத்து வைத்த வீடு!