பழைய தராசு



பால் நிறுக்கும் தராசு பிழையானால் யார் கூலியில் மண் விழும்? மரம் சீவியவர் கூலியில்தானே! கணினிக்குள்ளும் இப்படியொரு வழக்கு உண்டு, கேளுங்கள்.

கணினியின் மூளையைச் செயலி என்பார்கள். அது கணக்குப் போடும்போது எண்களை வைத்துக்கொள்ளும் சிறு அறைகளுக்கு ரிஜிஸ்டர் என்று பெயர். தசமப்புள்ளி எண்களுக்குத் தனி அறைகள் உண்டு. கணக்கு தவறினால் அந்த அறைகளைத் திறந்து காட்டுவது டீபக்கர். 1986-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி இவ்வகையில் புகழ் பெற்றது.

மிப்ஸ் என்னும் செயலி வகையில் முதலில் ஓர் அறைக்கு 32 பிட் இடம்தான். 64 பிட் எண்ணை இரண்டு அறைகளில் பாதி பாதியாக வைத்தார்கள். 1991-இல் வந்த ஆர்4000 செயலியில் ஒவ்வோர் அறையும் 64 பிட்டாக விரிந்தது. பழைய முறையும் விடப்படவில்லை. நடப்பது எந்த முறை என்பதை ஒரே ஒரு பிட் சொல்லும்.

அதைப் பாராமல் டீபக்கர் பழையபடி இரு பாதிகளை ஒட்டினால்? உள்ளே எண் சரி, திரையில் தவறு. பாவம், நிரல் எழுதியவர் இல்லாத பிழையைத் தேடி இரவெல்லாம் விழிப்பார். அதனால்தான் செயலி மாறும்போது டீபக்கரையும் புதுப்பிக்கிறார்கள்.

பெற்றோர்களே, புதிய முறையில் சரியாகக் கணக்குப் போட்ட மாணவிக்கு நானும் ஒருமுறை சிவப்புக் கோடு போட்டவன்தான். பிள்ளையை அதட்டுமுன், நம் தராசையும் ஒருமுறை பார்ப்போம்.