பார்சிகளும் பார்க்கின்சன் நோயும்: மரபணு மட்டுமே காரணமா?

மும்பை: தாதர் பார்சி காலனி போன்ற குடியிருப்புகளில், பெரும்பாலும் தம் சமூகத்திற்குள்ளேயே மணம் புரிந்து வாழும் பார்சி மக்கள், பார்க்கின்சன் நோயின் மரபணுக் காரணங்களைத் தேடும் ஆய்வாளர்களின் கவனத்தை நீண்டகாலமாக ஈர்த்து வருகின்றனர்.

1988-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மும்பை பார்சி குடியிருப்புகளைச் சேர்ந்த 14,010 பேரில் 46 பேருக்கு, அதாவது லட்சத்துக்கு 328 பேர் என்ற விகிதத்தில், இந்நோய் கண்டறியப்பட்டது.

எனினும், அகமணத்தை மட்டுமே இதற்குக் காரணமாகக் கூற இயலாது. வயது கூடக்கூட இந்நோய் அதிகரிக்கிறது. பார்சிகளிடையே முதியோரின் விகிதமும் அதிகம்.

ஆல்பா-சைனூக்ளின் மரபணுவின் பிறழ்வு 1997-இலும், எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் பிறழ்வு 2004-இலும் இந்நோயுடன் தொடர்புபடுத்தப்பட்டன. ஆயினும், பெரும்பாலான நோயாளிகளிடம் தனியொரு மரபணுவைக் காரணமாகச் சுட்ட முடிவதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பார்சிகள் 57,264 பேர் மட்டுமே. எண்ணிக்கை குறைந்துவரும் இச்சமூகத்தில் விரிவான ஆய்வுக்கான காலமும் குறுகி வருகிறது.